சேனாபதி பென் காமாக்ஷி

எடிசன்
13 ஏப்ரல் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நல்லா இருக்கேன்னு எழுதினா பொய்யாயிடும். காலையில நியூயார்க் டிரெயின்ல போற வரைக்கும் வாந்தி, திரும்பி வரும்போது தூக்கம். நேத்து தூங்கிப்போய் எடிசன் ஸ்டேஷனைத் தாண்டி நியூ பிரன்ஸ்விக்ல போய் இறங்கினேன். நாற்பத்தொரு வயசுல இதெல்லாம் தேவையான்னு என் உடம்பு என்னைக் கேக்குது. நீ எப்படி இருக்கே? ஒழுங்கா சாப்பிடறியா?

பிளட் டெஸ்ட் ரிசல்ட் வந்துடுச்சு. குழந்தைக்கு ஒரு குறையும் இல்ல. பையன்! அக்டோபர்ல.

போன்ல சொல்லலாம்னு பார்த்தா நீதான் போனே எடுக்க மாட்டேங்கற. நாள் பூரா ஹெட்செட் போட்டுக் காது செத்துப்போச்சு, எதுவா இருந்தாலும் மெயில்ல எழுதுங்கற. சரி சாமி, எழுதறேன்.

உனக்குக் குடுத்த வாக்கு ஞாபகம் இருக்கா? அம்மா காரியம் முடிஞ்சு நாம ரெண்டு பேரும் ஏர்போர்ட்ல உக்காந்திருந்தப்ப சொன்னேனே. எனக்குப் பையன் பொறந்தா சேனாபதின்னுதான் வைப்பேன்னு. நீ சிரிச்சே. எனக்கு அன்னைக்கு டிரீட்மென்ட் மேல டிரீட்மென்ட் தோத்துக்கிட்டிருந்த நேரம். இப்ப சிரி பார்க்கலாம். அப்பா போனப்ப எனக்கு ஆறு வயசு. என்னைப் படிக்க வெச்சு, இந்த ஊருக்கு இழுத்துட்டு வந்து, ஏலியைக் கட்டிக்கறேன்னு நான் நின்னப்ப ஊர் வாயை அடைச்சு, உனக்குன்னு ஒரு கல்யாணம்கூடப் பண்ணிக்காம நின்னுட்டே. உன் பேரை வெக்காம வேற யார் பேரை வெக்கறது?

ஏலிகிட்ட சொல்லிட்டேன். 'சேனாபதி ரோசன்பெர்க்', ஸ்கூல்ல வாத்தியாருங்க பாடு திண்டாட்டம்னு சிரிச்சான். அவன் அம்மாகிட்ட இனிமேதான் பேசணும்.

உடம்பைப் பார்த்துக்கோ.

உன் தங்கை,
ஸ்வர்ணா


ஃபிரிஸ்கோ
20 ஏப்ரல் 2024

அன்புள்ள பாப்பா,

இங்க எல்லாம் நலம். வெயில் இப்பவே மண்டையைப் பிளக்குது. நீ வாந்தியைப் பத்திக் கவலைப்படாதே, அம்மாவும் உன்னை வயித்துல வெச்சுக்கிட்டு அஞ்சு மாசம் வாந்தி எடுத்தா. நீ அப்பவே பிடிவாதக்காரி.

உன் மெயிலை அனுமார் கோயில் பார்க்கிங்ல கார்ல உக்காந்து படிச்சேன். அழுதுட்டேன். பக்கத்துக் கார்ல ஒரு அம்மா என்ன ஆச்சோன்னு கண்ணாடியை இறக்கிப் பார்த்தாங்க. நல்ல சேதிதான் ஆன்ட்டின்னேன். என்னைவிடச் சின்னவங்க, ஆன்ட்டின்னதும் முறைச்சுட்டுப் போயிட்டாங்க.

சேனாபதின்னா படைத்தலைவன். ஆபீஸ்ல என் படையில மொத்தமே அஞ்சு பேரு. மூணு பேர் ஹைதராபாத்ல, நான் எழுந்துக்கும்போது அவங்க தூங்கப் போயிடறாங்க. மீதி ரெண்டு பேர்ல சபரி ஒருத்தன்தான் சொன்ன பேச்சைக் கேக்கறவன். உன் மகனாவது நல்ல படையா சேர்த்துக்கட்டும்.

சிரிக்கிறேனே தவிர, பாப்பா, மனசுக்குள்ள எவ்வளவு நிறைஞ்சிருக்குன்னு உனக்குச் சொல்லத் தெரியல. இந்தப் பெரிய வீட்ல நாலு பெட்ரூம், நான் ஒருத்தன். நான் போயிட்டா மெயில்பாக்ஸ்ல இருக்கற பேரைச் சுரண்டிட்டு வேற பேரை ஒட்டிடுவாங்க, அவ்வளவுதான்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். இப்ப அப்படி இல்ல.

தொட்டில் ஒண்ணு ஆர்டர் பண்ணியிருக்கேன், உன் வீட்டுக்கு வரும். வெள்ளி அரைஞாணுக்கும் சொல்லியாச்சு. எனக்கு பேன்ட்டெல்லாம் தொளதொளன்னு ஆயிடுச்சு. வாக்கிங் போறேன்ல, அதான்.

ஏலிக்கு என் அன்பு. நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணா


எடிசன்
18 மே 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமா? நாலு வாரமா எழுதலைன்னு திட்டாதே. எழுத உக்காருவேன், மூடி வெச்சுடுவேன். வாந்தி நின்னுடுச்சு. இப்ப பிரஷர். டாக்டர் உப்பைக் குறைன்னுட்டாரு.

உன் தொட்டில் வந்தது. வந்த நேரம் பார்த்து என் மாமியார் வீட்ல இருந்தாங்க. பெட்டியைப் பார்த்ததும் அவங்க முகம் வெளுத்துடுச்சு. குழந்தை பொறக்கறதுக்கு முன்னாடி அதுக்குன்னு ஒரு துரும்புகூட வீட்டுக்குள்ள வரக்கூடாதாம், கண்ணு பட்டுடுமாம். முப்பது வருஷம் ஸ்கூல்ல சயின்ஸ் சொல்லிக் குடுத்த பொம்பளை! இப்ப அந்தப் பெட்டி பக்கத்து வீட்டு கராஜ்ல கிடக்கு. நீ மனசுல வெச்சுக்காதே.

இதுகூடப் பரவாயில்ல. இன்னொண்ணு இருக்கு. எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் இத்தனை நாள் இழுத்தடிச்சேன்.

உன் பேரை வைக்க முடியாது அண்ணா.

அவங்க யூத வழக்கத்துல செத்துப்போனவங்க பேரைத்தான் குழந்தைக்கு வைப்பாங்களாம். போனவங்களுக்கு அது ஒரு மரியாதை, அவங்க பேரு பூமியில நடமாடும்னு. உயிரோட இருக்கறவங்க பேரை வைக்கவே கூடாதாம். வெச்சா, அந்த ஆளை எப்படா போவான்னு எதிர்பார்க்கற மாதிரியாம். அவர் ஆயுசைப் பிடுங்கிக் குழந்தைக்குக் குடுத்த மாதிரியாம். நம்ம ஊர்ல தாத்தா திண்ணையில உக்காந்திருக்கும்போதே பேரனுக்கு அவர் பேரை வெச்சு, அதட்டக்கூட முடியாம வேற பேர்ல கூப்பிடறோமே, அதைச் சொன்னேன். ரொம்ப அழகா இருக்குன்னாங்க. ஆனா முடியாதுன்னாங்க. 'உன் அண்ணனை எனக்குப் பிடிக்கும். அதனாலதான் முடியாது'ன்னாங்க.

நான் கத்தினேன், ஏலி கெஞ்சினான். அவங்க கண்ணைத் தொடைச்சுட்டு காபியைக் குடிச்சுட்டுக் கிளம்பிட்டாங்க. அவங்க பேரு லேயா. லேயான்னா களைச்சுப்போனவள்னு அர்த்தம் சொல்றாங்களாம். அந்தப் பேரை எனக்கு வெச்சிருக்கணும்.

வாக்குக் குடுத்துட்டு இப்படி எழுதறது வெக்கமா இருக்கு. கோவமா இருந்தா திட்டி எழுது. பேசாம மட்டும் இருந்துடாதே.

ஸ்வர்ணா


ஃபிரிஸ்கோ
25 மே 2024

அன்புள்ள பாப்பா,

நலம். உப்பைக் குறைக்கச் சொன்னா குறை. ஊறுகா பாட்டிலை ஏலிகிட்ட குடுத்து ஒளிச்சு வைக்கச் சொல்லு.

கோவமா? எனக்கென்ன கோவம். படிச்சுட்டு வாய்விட்டுச் சிரிச்சேன். அம்பத்திமூணு வருஷமா இந்தப் பேரைச் சுமந்துக்கிட்டிருக்கேன், உயிரோட இருக்கறது ஒரு டிஸ்குவாலிஃபிகேஷன்னு இப்பத்தான் தெரியுது. உன் மாமியார் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. அவங்களோட சண்டை போடாதே. எனக்குப் பிடிச்சுப்போச்சு அந்தம்மாவை.

ஆனா சில சந்தேகம் இருக்கு, ஏலியைக் கேட்டுச் சொல்லு. செத்துப்போனவர்னா செத்து எவ்வளவு நாள் ஆகியிருக்கணும்? நம்ம தீட்டு மாதிரி ஏதாவது கணக்கு இருக்கா? அந்த ஆள் யூதரா இருக்கணும்னு உண்டா, இல்ல யார் வேணா இருக்கலாமா? குழந்தை பொறக்கறதுக்கு முன்னாடியே போயிருக்கணுமா, பேர் வைக்கிற நாளுக்கு முன்னாடின்னாலும் சரியா?

சும்மாதான் கேக்கறேன். ரிட்டயர் ஆனப்புறம் படிக்க ஒரு சப்ஜெக்ட் வேணாமா.

மத்தபடி இங்க விசேஷம் ஒண்ணும் இல்ல. புல்லு வெட்டலைன்னு காலனிக்காரங்க நோட்டீஸ் விட்டிருக்காங்க. வெட்டணும். குனிஞ்சா எழுந்திரிக்க சோம்பலா இருக்கு.

அண்ணா


எடிசன்
8 ஜூன் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் மெயிலைப் பார்த்ததும்தான் எனக்கு மூச்சே வந்தது. எவ்வளவு பெரிய மனசு உனக்கு! நீ மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவேன்னு நான் ஒரு வாரமா பயந்து செத்தேன்.

உன் சந்தேகத்துக்கெல்லாம் பதில் கேட்டு வெச்சிருக்கேன், புரொஃபசர். நாள் கணக்கெல்லாம் கிடையாதாம். ஏலியோட கசின் குழந்தைக்கு முந்தின வாரம் போன தாத்தா பேரை வெச்சாங்களாம். யூதரா இருக்கணும்னும் ஏலிக்குத் தெரிஞ்சு கட்டாயம் இல்ல. பேரைப் பையன் பொறந்த எட்டாம் நாள்தான் வெளியில சொல்வாங்க, அதுவரைக்கும் மூச்சு விட மாட்டாங்க. அதனால அதுக்கு முன்னாடி போயிருந்தா சரிதான். அம்மா யூதர் இல்லன்னா பிள்ளை யூதர் இல்லன்னு ஒரு கூட்டம் இருக்கு. இவங்க கோயில்ல அப்படிப் பார்க்கறதில்ல.

பேரோட அர்த்தமெல்லாம் கேட்டா நீ சிரிப்பே. நம்ம பேரெல்லாம் சாமி பேரு, இல்லன்னா தங்கம், வைரம். அவங்களுக்கு டெபோரான்னா தேனீ. ரேச்சல்னா பெண் ஆடு. ஜோனா, புறா. கேலப்னா நாயின்னுகூட ஒரு அர்த்தம் சொல்றாங்க. ஐசக்னா 'சிரிப்பான்'. கிழவி ஒருத்திக்குக் குழந்தை பொறக்கும்னு சொன்னப்ப அவ சிரிச்சாளாம், அதனால அந்தப் பேரு. கிழவின்னதும் நர்ஸுங்க என்னைப் பார்க்கற பார்வை ஞாபகம் வந்தது. ஏலியோட அப்பா பேரும் ஐசக்தான், போய் நாலு வருஷம் ஆச்சு. லேயா அந்தப் பேரை வாயைத் திறந்து கேக்கவே இல்ல. அதுவும் எனக்கு ஒரு பாரமா இருக்கு.

ஜூலை பதிமூணு வளைகாப்பு. வளையல் எனக்குத்தானே, குழந்தைக்கு இல்லையேன்னு வாதாடி லேயாகிட்ட பர்மிஷன் வாங்கிட்டேன். தாய்மாமன் நீ முதல் வளையல் போடணும். டிக்கெட் போட்டுட்டு எழுது.

ஸ்வர்ணா


எடிசன்
20 ஜூலை 2024

அண்ணாவுக்கு,

நீ நலம்னு நானே நினைச்சுக்கறேன். வேற வழி?

ஆறு வாரம் ஆச்சு. ஒரு வரி இல்ல. வளைகாப்புக்கு முந்தின நாள் சாயங்காலம் ஃப்ளைட் கேன்சல்னு ஒரு மெசேஜ். ஏலி போன் எடுத்துப் பார்த்தான், உங்க டல்லாஸ்ல இருந்து எல்லா ஃப்ளைட்டும் போயிருக்கு. எனக்குத் தெரியும்னு உனக்குத் தெரியணும்னுதான் எழுதறேன்.

முதல் வளையலை லேயாதான் போட்டாங்க. அவங்களுக்குப் போடத் தெரியல, ரெண்டு உடைஞ்சது. வந்தவங்க எல்லாம் அண்ணன் எங்கேன்னு கேட்டாங்க. ஆபீஸ்னு சொன்னேன்.

பேர் விஷயம்தான் உன் மனசுல இருக்குன்னா நேரா சொல்லிடு. சிரிச்ச மாதிரி எழுதிட்டு உள்ளுக்குள்ள வெச்சுப் புழுங்காதே. டாக்டர் என்னைப் படுக்கையில இருக்கச் சொல்லிட்டார். படுத்துக்கிட்டு மேல பார்த்துக்கிட்டு உன்னைத்தான் நினைச்சுக்கிட்டிருக்கேன்.

ஸ்வர்ணா


ஃபிரிஸ்கோ
4 ஆகஸ்ட் 2024

அன்புள்ள பாப்பா,

தப்புதான். மன்னிச்சுக்கோ. ஆபீஸ்ல பெரிய ரிலீஸ். ராத்திரி பகல் தெரியல. கோவமெல்லாம் இல்ல, அம்மா மேல சத்தியம்.

பேர் விஷயத்துல நீ கவலைப்படாதே. உன் வாக்கு பொய்க்காது. எல்லாம் நேரத்துக்குச் சரியா வந்துடும்.

அசையாம படு. பிரஷரைப் பார்த்துக்கோ. நான் நல்லா இருக்கேன்.

அண்ணா


எடிசன்
24 ஆகஸ்ட் 2024

அண்ணா,

நல்லா இருக்கியா? கேக்கறேன், சொல்லு. நல்லா இருக்கியா?

வியாழக்கிழமை லேயா சூப் எடுத்துட்டு வந்தாங்க. கட்டில் ஓரத்துல உக்காந்தாங்க. 'ஸ்வர்ணா, உங்க அம்மா பேரு என்ன?'ன்னாங்க. காமாக்ஷின்னேன். குழந்தை பொண்ணா இருந்தா வைக்கலாம்னு கேக்கறாங்களோ, ஸ்கேன்ல மாறிப்போச்சோன்னு எனக்கு ஒரு நிமிஷம் குழப்பம். எதுக்குக் கேக்கறீங்கன்னேன்.

அவங்க கோயில்ல சனிக்கிழமை பிரார்த்தனையில உடம்பு சரியில்லாதவங்க பேரைப் படிப்பாங்களாம். எல்லாத்துக்கும் அப்பா பேரைச் சேர்த்துச் சொல்ற ஜனங்க, நோயாளிக்கு மட்டும் அம்மா பேரைச் சேர்த்துச் சொல்லுவாங்களாம். இன்னாரோட பிள்ளைன்னு. 'கடவுள்கிட்ட வேண்டும்போது அம்மாவைத்தான் முன்னாடி நிறுத்தணும்'னாங்க.

யாருக்கு உடம்பு சரியில்லைன்னு கேட்டேன். அவங்க என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. 'ஏலி உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு உங்க அண்ணன் சத்தியம் வாங்கியிருக்கார். எங்கிட்ட யாரும் சத்தியம் வாங்கல'ன்னாங்க.

படுபாவி! என் புருஷனுக்குப் போன் பண்ணி, செத்தா பேர் வைக்க டெத் சர்ட்டிஃபிகேட் ஏதும் வேணுமான்னு கேட்டிருக்கே. அவன் பயந்துபோய்க் கிண்டிக் கேட்டப்ப சொல்லியிருக்கே. குடல்ல கேன்சர், ஈரல் வரைக்கும் வந்துடுச்சுன்னு. என் பிரஷர் ஏறிடும்னு எல்லாருமா சேர்ந்து என்னை முட்டாளாக்கியிருக்கீங்க. ஏறத்தான் ஏறுச்சு. பத்து தடவை போன் அடிச்சேன், எடுக்கல. காது செத்துப்போச்சா, இல்ல குரல்ல நான் கண்டுபிடிச்சுடுவேன்னு பயமா?

கீமோ ஆரம்பிச்சு நிறுத்திட்டேன்னு ஏலி சொல்றான். டாக்டர் நிறுத்தச் சொல்லல, நீயா நிறுத்தியிருக்கே. ஏன்? உண்மையை எழுது. மறைச்சு எழுதினா இந்த வயித்தோட ஃப்ளைட் ஏறி வந்துடுவேன், டாக்டர் என்ன சொன்னாலும் சரி.

ஸ்வர்ணா


ஃபிரிஸ்கோ
1 செப்டம்பர் 2024

அன்புள்ள பாப்பா,

உன் உடம்பு எப்படி இருக்கு? பிரஷர் இறங்கிடுச்சான்னு முதல்ல எழுது.

மார்ச்ல தெரிஞ்சது. நீ வாந்தி எடுத்துக்கிட்டிருந்தே, உங்கிட்ட எப்படிச் சொல்ல. ஏப்ரல் கடைசியில கீமோ ஆரம்பிச்சாங்க. சபரிதான் கூட்டிட்டுப் போனான், அவன்கிட்டயும் சத்தியம் வாங்கியாச்சு. ரெண்டு தடவை போட்டுக்கிட்டேன். வாயெல்லாம் புண்ணு, தண்ணி குடிச்சாக்கூட எரியும். பாத்ரூம்ல இருந்து கட்டிலுக்கு வர நடுவுல உக்காந்து எழுந்து வரணும். மருந்து எடுத்தா ஒண்ணரை வருஷம், சிலருக்கு அதுக்கு மேலயும் போகும்னார் டாக்டர். எடுக்கலைன்னா இந்த வருஷம் தாண்டறது கஷ்டம்னார்.

அப்பத்தான் உன் லெட்டர் வந்தது, செத்தவங்க பேரைத்தான் வைப்பாங்கன்னு. திட்டாம கேளு. நான் கணக்குப் போட்டேன். எப்படியும் போகப்போறவன். இழுத்துப் பிடிச்சு அடுத்த வருஷம் போனா, அதுக்குள்ள பையனுக்கு வேற பேர் வெச்சிருப்பீங்க. பேரும் போச்சு, நானும் போனேன். அக்டோபருக்கு முன்னாடி போனா ரெண்டுல ஒண்ணாவது மிஞ்சும். உன் வாக்கும் நிக்கும், உன் மாமியாருக்கும் மனத்தாங்கல் இல்ல. யாருக்கும் நஷ்டம் இல்லாத ஒரு ஏற்பாடு. என் வாழ்க்கையில நான் பண்ணின நல்ல பிளானிங் இது ஒண்ணுதான்னு தோணுச்சு.

தனியா இருக்கறவனுக்கு பேர்தான் பிள்ளை, பாப்பா. உனக்கு இது புரியணும்.

இப்ப வலி அதிகம் இல்ல. அசதிதான். நீ வராதே. வந்தா கதவைத் திறக்க மாட்டேன்.

அண்ணா


எடிசன்
7 செப்டம்பர் 2024

அண்ணா,

பிரஷர் இறங்கல. உன்னைத் திட்டி முடிச்சாத்தான் இறங்கும்.

கேட்டுக்கோ. பேர் கிடையாது. நீ அக்டோபருக்கு முன்னாடி செத்தாலும் கிடையாது. நாளைக்கே செத்தாலும் கிடையாது. லேயா சம்மதிச்சாலும், ஏலி காலைப் பிடிச்சாலும், என் பிள்ளைக்கு அந்தப் பேரை வைக்க விட மாட்டேன். வாக்கைத் திருப்பி எடுத்துக்கிட்டேன். உன் பிளானிங்கைக் கொண்டுபோய்க் குப்பையில போடு.

பேருக்காகன்னு எங்கிட்ட கதை விடாதே. களைச்சுப்போச்சுன்னு சொல்லு. அதை நான் நம்பறேன். புரியவும் புரியுது. பதினெட்டு வயசுல சுமக்க ஆரம்பிச்சவன் நீ, எறக்கி வைக்க ஒரு சாக்குக் கிடைச்சதும் பிடிச்சுக்கிட்டே. அந்தச் சாக்கை நானே எழுதி அனுப்பியிருக்கேன் பாரு, அந்தக் கையை வெட்டிப் போடலாமான்னு இருக்கு. நீ கேட்ட கேள்விக்கெல்லாம் விழுந்து விழுந்து பதில் வேற வாங்கிக் குடுத்தேன்!

இன்னைக்குக் காலையில லேயாவோட அவங்க கோயிலுக்குப் போனேன். டாக்டருக்குச் சொல்லல. பிரார்த்தனை நடத்தற ரப்பி ஒரு பொம்பளை, என் வயசுதான் இருக்கும். உடம்பு சரியில்லாதவங்க பேரைப் படிச்சாங்க. டேவிட், சாரா மகன். ரூத், ஹன்னா மகள். அப்படியே வரிசையா வந்து, கொஞ்சம் தடுமாறி, 'சேனாபதி பென் காமாக்ஷி'ன்னு படிச்சாங்க. பென்னா மகன். அம்மா பேரை அந்த இடத்துல கேட்டதும் என்னால முடியல அண்ணா. வாயைப் பொத்திக்கிட்டு அழுதேன். முன்ன பின்ன தெரியாத அத்தனை பேரும் ஆமென்னு சொன்னாங்க. அந்த வரிசையில செத்தவங்க பேரைப் படிக்க மாட்டாங்க. செத்தவங்களுக்கு வேற பிரார்த்தனை, கடைசியில வரும். உன் பேரு உயிரோட இருக்கறவங்க பக்கத்துல இருக்கு. அங்கதான் இருக்கணும்.

அடுத்த வருஷம் பிரிட்ஜ்வாட்டர்ல நம்ம கோயில்ல காது குத்து. தாய்மாமன் மடியில உக்கார வெச்சுத்தான் குத்துவோம். பேர் வைக்க நீ செத்திருக்கணும், மடியில வெச்சுக்க நீ உயிரோட இருக்கணும். எனக்குப் பேரு வேணாம். மடி வேணும்.

சபரி நம்பர் எங்கிட்ட இருக்கு. திங்கக்கிழமை டாக்டர்கிட்ட போ.

ஸ்வர்ணா


எடிசன்
28 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

மூணு வாரமா உங்கிட்ட இருந்து ஒண்ணும் இல்ல. சபரியைக் கேட்டா, 'அவரையே கேட்டுக்கங்க அக்கா'ங்கறார். இருக்கேன்னு மட்டும் தெரியும்.

இருபதாம் தேதியே பொறந்துட்டான். பிரஷர் ஏறினதால டாக்டர் காத்திருக்கல. நான் நல்லா இருக்கேன், தையல்தான் இழுக்குது. உட்கார்ந்தா எழுந்திரிக்க முடியல, எழுந்தா உட்கார முடியல. பையனுக்கு உன் காது. அதே தட்டையான, ஒட்டின காது. லேயா பார்த்துட்டு, இதை யாருகிட்ட இருந்து வாங்கினான்னாங்க.

நேத்து எட்டாம் நாள். அதுக்கு முந்தின நாள் லேயா என் பக்கத்துல வந்து உக்காந்தாங்க. 'நீ உன் அண்ணன் பேரையே வெச்சுக்கோ. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். வாயை மூடிக்கறேன்'னாங்க. மே மாசம் காபி குடிச்சுட்டுக் கிளம்பிப் போன அதே பொம்பளை. இரக்கத்துலதான் சொன்னாங்க, எனக்குத் தெரியும். ஏலியும் தலையாட்டினான். எல்லாரும் உன்னை மனசுல வழியனுப்பிட்டாங்க.

நான் முடியாதுன்னேன். 'எங்க அண்ணன் உயிரோட இருக்கார். உயிரோட இருக்கறவர் பேரை வைக்கக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க'ன்னேன். அவங்க என்னைக் கட்டிக்கிட்டாங்க. ரெண்டு பேரும் களைச்சுப்போய் அப்படியே உக்காந்திருந்தோம். பால் குடிக்க அவன் கத்தினப்பதான் எழுந்தோம்.

ஐசக்னு வெச்சிருக்கோம். ஏலி அப்பா பேரு. பேரைச் சொன்னதும் லேயா சிரிச்சுக்கிட்டே அழுதாங்க. தொட்டில் பெட்டியைப் பக்கத்து வீட்ல இருந்து எடுத்தாச்சு, ஏலி திருகாணி ஒண்ணைத் தொலைச்சுட்டு இன்னும் தேடறான்.

தமிழ்ப் பேரு இன்னும் வைக்கல. அதை நான் வைக்கப்போறதும் இல்ல. தாய்மாமன் வந்து காதுல சொன்னாத்தான் பேரு. அதுவரைக்கும் பாதிப் பேரோடதான் இருப்பான்.

சாப்பிடறியா? வாய்ப்புண்ணுக்குத் தேங்காப்பால் குடிச்சுப் பாரு. எழுது அண்ணா.

ஸ்வர்ணா


ஃபிரிஸ்கோ
19 அக்டோபர் 2024

அன்புள்ள பாப்பா,

தையல் ஆறிடுச்சா? தூங்க விடறானா?

எழுத முடியல, அதான் எழுதல. நான் சொல்லச் சொல்ல சபரி டைப் அடிக்கறான். தப்பிருந்தா அவன் தப்பு. செப்டம்பர்லயே திரும்ப ஆரம்பிச்சுட்டேன். இப்பகூட அந்த நாற்காலியிலதான் சாஞ்சிருக்கேன், கையில ஊசி. ரொம்பக் களைப்பா இருக்கு. வாய்ப்புண்ணு வந்துடுச்சு. தேங்காப்பாலும் எரியுது. உன்மேல கோவமாத்தான் இருக்கேன். நல்லா போட்டு வெச்சிருந்த பிளானைக் கெடுத்துட்டே.

இங்க இருக்கற நர்ஸ் ஒவ்வொரு தடவையும் மருந்தை ஏத்தறதுக்கு முன்னாடி பேரையும் பொறந்த தேதியையும் சொல்லச் சொல்லுவா. முன்னெல்லாம் எரிச்சலா இருக்கும். இப்ப சத்தமாவே சொல்றேன்.

லேயாம்மாகிட்ட என் பேரை அந்த வரிசையில இருந்து எடுத்துட வேணாம்னு சொல்லு.

பையன் போட்டோவைப் பார்த்தேன். காது என்னுதேதான், பாவம். பேரு யோசிச்சு வெச்சாச்சு. சபரி என்னன்னு கேக்கறான், அவனுக்கும் சொல்லல. எழுத மாட்டேன். வந்து காதுலதான் சொல்லுவேன்.

இப்படிக்கு,
சேனாபதி பென் காமாக்ஷி